சிரிப்பு ஒளிந்திருந்த குரல்

ஒலிப்பதிவு நடக்கும்போது பாடகிக்குச் சிரிப்பு வந்துவிட்டால் அந்த டேக் வீண். வாத்தியக்காரர்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும், ஸ்டுடியோ வாடகை ஏறும், எல்லோருக்கும் எரிச்சல். 1950களின் தொடக்கத்தில் லண்டனில், ‘இஃப் ஐ ஹேட் எ கோல்டன் அம்ப்ரெல்லா’ என்ற பாட்டைப் பதிவு செய்துகொண்டிருந்த ஓர் இளம்பெண்ணுக்கு அப்படித்தான் நடுப்பாட்டில் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பிறகு அவர் அதை மறைக்கப் பார்க்கவே இல்லை. அடுத்தடுத்த பாட்டுகளிலும் வேண்டுமென்றே கொஞ்சம் சிரிப்பை விட்டு வைத்தார். குரலில் சிரிப்பை வைத்திருக்கும் பெண் என்று பத்திரிகைகள் எழுதின. பிரிட்டன் முழுக்க அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவர்தான் ஆல்மா கோகன்.

இன்று இந்தப் பெயரைச் சொன்னால் லண்டனிலேயே பலருக்கும் தெரியவில்லை. அறுபது வயதைத் தாண்டியவர்கள் மட்டும் ஒரு நொடி யோசித்துவிட்டு முகம் மலர்கிறார்கள். 1950களில் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் பதினெட்டு முறை இடம்பிடித்த பாடகி அவர். அந்தப் பத்தாண்டில் அங்கே வேறு எந்தப் பாடகிக்கும் அவ்வளவு தொடர்ச்சியான வெற்றி இல்லை. 34 வயதில் இறந்துபோனார். அவர் இறந்த பிறகு பிறந்தவன் நான். அவருடைய நாடும் என் நாடில்லை. அப்படியிருந்தும் அவர் குரலைக் கேட்கும்போதெல்லாம் நானே பழகி, நானே விட்டுவிட்டு வந்த ஓர் இடத்தை நினைப்பதுபோல மனசு கிடந்து தவிக்கிறது.

ஒருவகையில் அது நான் விட்டுவிட்டு வந்த இடமும்தான். லண்டனின் மேற்குப் புறநகரான ஹேய்ஸில் சில வருடங்கள் வேலை நிமித்தமாகக் குடியிருந்தேன். கிராமபோன் கம்பெனியின் பெரிய இசைத்தட்டுத் தொழிற்சாலை இருந்த ஊர் அது. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சோறு போட்ட இடம். என் பக்கத்து வீட்டு மூதாட்டி சின்ன வயதில் அங்கே வேலை செய்தவர். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் கதவைத் தட்டி, “டீ போட்டிருக்கேன், வர்றியா லவ்?” என்பார். அந்த ஊர்ப்பக்கத்து வயதானவர்கள் கறிகாய்க் கடைக்காரர் முதல் பஸ் கண்டக்டர் வரை யாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் வீட்டு முன்னறையில் ஒரு ரேடியோகிராம் இருந்தது. மர அலமாரி மாதிரி பெரிசு, மேல்மூடியைத் தூக்கினால் உள்ளே தட்டு சுழலும். ஆல்மாவை நான் முதலில் கேட்டது அதில்தான்.

இசைத்தட்டு எப்படிப் பிறக்கிறது என்பதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அரக்கும் கல்பொடியும் கரியும் கலந்த கெட்டியான கறுப்பு வில்லை ஒன்று சூடான மேடைமேல் கிடந்து இளகும். அச்சின் இரண்டு பக்கமும் காகித லேபிளை வைப்பார்கள். இளகிய கலவையை நடுவில் வைத்து அச்சை மூடுவார்கள். நீராவி பாயும், அழுத்தம் ஏறும், உடனே குளிர்ந்த தண்ணீர் ஓடும். திறந்தால் பளபளவென்று தட்டு. விளிம்பில் பிதுங்கி நிற்பதை அரைத்துச் சீர்செய்ய வேண்டும். அவருடைய வேலை அதற்கும் அடுத்தது: வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, கீறல் இருந்தால் ஒதுக்கிவிட்டு, நல்லதை உறைக்குள் போடுவது. “சாயந்தரம் எவ்வளவு சோப்புப் போட்டாலும் நகக்கண்ணுல கறுப்பு போகாது. ஆனா ஆல்மா தட்டு வர்ற வாரம் எங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிரும். மொத்த வரிசையும் அவ பாட்டை முணுமுணுத்துக்கிட்டே இருக்கும்.”

அந்த அரக்கு நம் பக்கத்திலிருந்து போனது. சோட்டா நாக்பூர் காடுகளில் மரக்கிளைகளில் அரக்குப்பூச்சி கட்டும் பிசின்தான் உலகத்தின் பெரும்பாலான பழைய இசைத்தட்டுகளுக்கு உடம்பு. கனமான தட்டு, நிமிடத்துக்கு 78 சுற்று, ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம். கைதவறினால் பீங்கான் தட்டுபோல உடைந்துவிடும். அந்த மூன்று நிமிடத்துக்குள் ஆல்மா ஒரு கதையைச் சொல்லி, கொஞ்சிப் பேசி, ஒருமுறை சிரித்துவிட்டும் போய்விடுவார்.

அந்தச் சிரிப்பைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அப்போது பாடகியின் குரலைத் தனியாகப் பதிவு செய்து பிறகு ஒட்டும் வழக்கம் இல்லை. வயலின்காரர்களும் டிரம்பெட்காரர்களும் கோரஸ் பாடுபவர்களும் சூழ்ந்து உட்கார்ந்திருக்க, எல்லோரும் ஒரே மூச்சில் முதலிலிருந்து கடைசிவரை வாசித்து முடிக்க வேண்டும். மூன்று மணி நேரத்துக்குள் இரண்டு மூன்று பாட்டை முடித்துவிட்டு எழுந்து போவார்கள். ஆகவே ஆல்மாவின் தட்டில் நாம் கேட்கும் சிரிப்பு அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, சரியான தாளத்தில், சரியான எழுத்தின்மேல் விழுந்த சிரிப்பு. ‘ட்ரீம்போட்’ பாட்டைக் கேட்டால் புரியும். சொல்லை முடிக்கும் இடத்தில் குரல் ஒரு துள்ளல் துள்ளும், மூச்சு கொஞ்சம் உடையும், அதற்குள் அடுத்த அடியைப் பிடித்துக்கொள்ளும். சுருதி ஒரு இழைகூட நகராது. இதை எளிதான காரியம் என்று நினைத்தவர்கள் ஒருமுறை பாடிப் பார்க்கட்டும்.

1932 மே 19ஆம் தேதி கிழக்கு லண்டனில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ரஷ்யாவிலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் வந்து குடியேறிய வம்சம். அப்பாவுக்குத் துணிமணி, தையல் சாமான் வியாபாரம். மகள் பாடகி ஆக வேண்டும் என்று அம்மா ஃபேவுக்கு அடங்காத ஆசை. ரெடிங் நகரில் இந்த யூதச் சிறுமி கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் படித்தாள். பதினான்கு வயதில் வேரா லின் அவளைப் பாராட்டிப் பரிந்துரைத்து பிரைட்டன் நகரில் ஒரு வெரைட்டி மேடை கிடைத்தது. போர்க்காலத்தில் படைவீரர்கள் எல்லோருக்கும் சொந்தக் குரலாக இருந்த வேரா லின் ஒரு சிறுமியைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னால் அது லேசான விஷயமில்லை. பதினாறு வயதில் பிரபல இசைக்குழுத் தலைவர் டெட் ஹீத்திடம் போனபோது, ஐந்து வருஷம் கழித்து வா என்று அனுப்பிவிட்டார். ஒரு மேடை இசை நாடகத்தில் கோரஸ் பெண்ணாக ஆடினார். அதே கோரஸில் ஒல்லியாக இன்னொரு பெண்ணும் இருந்தார், பிற்பாடு உலகம் கொண்டாடிய ஆட்ரி ஹெப்பர்ன். கம்பர்லண்ட் ஹோட்டலில் பாடிக்கொண்டிருந்த ஆல்மாவைக் கண்டுபிடித்து எச்.எம்.வி.க்கு அழைத்துப் போனவர் வால்டர் ரிட்லி. 1952இல், இருபதாவது பிறந்தநாள் அன்று, முதல் தட்டுக்குப் பாடினார்.

வர்திங் ஊரில் உடை வடிவமைப்பும் படித்திருந்தார் என்பதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் ஆல்மா என்றதும் அந்தக் காலத்துக்காரர்களுக்குப் பாட்டோடு சேர்த்து நினைவுக்கு வருவது அவருடைய பாவாடைகள்தாம். என் பக்கத்து வீட்டுக்காரர் ஆல்மாவின் பாட்டை எத்தனை நேரம் பேசினாரோ அதைவிட அதிக நேரம் உடையைப் பற்றிப் பேசினார். வளையம் வளையமாக வலைத்துணி, அதன்மேல் பட்டு, அதன்மேல் ஜிகினா, பாசிமணி, இறகு. கதவில் நுழையும்போது பக்கவாட்டில் திரும்பி நுழைய வேண்டிய அகலம். தானே வரைந்து தைக்கக் கொடுப்பார். ஒருமுறை மேடையில் போட்டதை மறுபடி போடமாட்டார் என்ற பேச்சும் இருந்தது.

போர் முடிந்த பிரிட்டனை நினைத்துப் பார்த்தால்தான் இதன் அருமை தெரியும். துணிக்கான ரேஷன் 1949 வரை இருந்தது. மிட்டாய்க்கு 1953 வரை. இறைச்சிக்கு 1954 ஜூலை வரை. ஒரு பாவாடையில் எத்தனை மடிப்பு இருக்கலாம், சட்டையில் எத்தனை பொத்தான் வைக்கலாம் என்று அரசாங்கம் கணக்குப் போட்டுச் சொன்ன காலத்தில் வளர்ந்த பெண்கள் அவர்கள். “எங்க அம்மா அப்பாவோட பழைய கோட்டை வெட்டித்தான் எனக்குப் பாவாடை தச்சாங்க” என்றார் என் பக்கத்து வீட்டுக்காரர். பழுப்பு, சாம்பல், கருநீலம் தவிர வேறு நிறமே பார்க்காத கண்களுக்கு முன்னால் ஒரு பெண் கெஜக் கணக்கில் துணியை விரித்துக்கொண்டு, ஜிகினா மின்ன, சிரித்தபடி வந்து நின்றால் எப்படி இருந்திருக்கும்! ஆடம்பரம் என்று விமர்சகர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். பஞ்சத்தில் அடிபட்டவர்களுக்கு முன்னால் விருந்து பரிமாறிய கை அது என்றே நான் நினைக்கிறேன். அந்தப் பெண்கள் யாருக்கும் அவர்மேல் பொறாமை வந்ததாகத் தெரியவில்லை. அவர் தங்களுக்காகவும் சேர்த்து உடுத்திக்கொள்கிறார் என்று எடுத்துக்கொண்டார்கள்.

1953இல் பிபிசி வானொலியின் ‘டேக் இட் ஃப்ரம் ஹியர்’ நகைச்சுவை நிகழ்ச்சிக்கு வந்தார். ஜிம்மி எட்வர்ட்ஸ், டிக் பென்ட்லி நடித்தது. எழுதியவர்கள் ஃபிராங்க் முயர், டெனிஸ் நார்டன் இருவரும். ஜாய் நிக்கல்ஸ் விலகிய இடத்தை நிரப்ப இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்: நடிக்க ஜூன் விட்ஃபீல்ட், பாட ஆல்மா. அந்த நிகழ்ச்சியில் கிளம் குடும்பம் என்று ஒரு பகுதி உண்டு. மாடியில் எங்கோ இருக்கும் திருமதி கிளம் ஒருபோதும் முன்னால் வரமாட்டாள், புரியாத முனகல் மட்டும் கேட்கும். அந்த முனகலும் பெரும்பாலும் ஆல்மாவினுடையது. குடும்பம் மொத்தமும் வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து கேட்ட காலம். பாட்டுப் பாட வந்தவர் வாரந்தோறும் வீட்டுக்கு வரும் சொந்தக்காரராக ஆகிவிட்டார். பிறகு தொலைக்காட்சி வந்தது, அவர் பெயரிலேயே ஒரு நிகழ்ச்சியும் வந்தது. கறுப்பு வெள்ளைத் திரையில் அந்த உடைகளின் நிறத்தை நேயர்கள் மனசுக்குள்தான் பூசிக்கொள்ள வேண்டியிருந்தது.

பாட்டுகளைப் பற்றிச் சொல்லும்போது பலர் சற்றுக் கூச்சப்படுகிறார்கள். எனக்குக் கூச்சமில்லை. 1954இல் ‘பெல் பாட்டம் புளூஸ்’ நான்காம் இடம். வால்ட்ஸ் எது டாங்கோ எது என்று தெரியாமல் தடுமாறும் ஒரு பெண்ணைப் பற்றிய பாட்டு ஆறாம் இடம். எஸ்கிமோவோடு டாங்கோ ஆடாதே என்று எச்சரிக்கும் பாட்டு 1955 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஆறாம் இடம். அந்த வருடம் ஜூலையில்தான் ‘ட்ரீம்போட்’ முதலிடத்தில் இரண்டு வாரம் நின்றது. அவருடைய ஒரே முதலிடம் அது. ஜிம்மி யங்கின் ‘அன்செயின்ட் மெலடி’யைக் கீழே இறக்கிவிட்டு ஏறியது. பின்னாலேயே ஸ்லிம் விட்மனின் ‘ரோஸ் மரி’ வந்து பதினொரு வாரம் உட்கார்ந்துகொண்டது. அப்போது எந்தப் பாட்டை யார் பாட வேண்டும் என்பதை முடிவு செய்தவர்கள் கம்பெனிக்காரர்கள். அமெரிக்காவில் ஒரு பாட்டு வெற்றி பெற்றால் அதன் பிரதி சில நாட்களில் லண்டன் வந்துசேரும், அதே வாரத்தில் மூன்று நான்கு பேர் அதைப் பாடித் தட்டு வெளியிடுவார்கள். கடையில் நின்று யார் பாடியதை வாங்குவது என்று ஜனங்கள் தீர்மானிப்பார்கள். பாடகி விரும்பிய பாட்டுத்தான் கிடைக்கும் என்பதில்லை. நாய்க்குட்டியின் விலையைக் கேட்கும் பாட்டைப் பாடி 1953இல் முதலிடம் பிடித்த லீட்டா ரோஸா அந்தப் பாட்டை வெறுத்தார், ஒரு தடவைக்கு மேல் பாடமாட்டேன் என்று நின்றார். பெல்ஃபாஸ்டிலிருந்து வந்த ரூபி மர்ரியின் பாட்டுகள் ஐந்து 1955 மார்ச்சில் ஒரே வாரத்தில் முதல் இருபதுக்குள் இருந்தன. அவ்வளவு மென்மையான குரல், அவ்வளவு சீக்கிரம் மறந்தும் போனார்கள்.

ஆல்மாவுக்குக் கிடைத்ததிலும் அரைப்பங்கு விளையாட்டுப் பாட்டுகள். அவர் அவற்றை மேலே நின்று பார்த்துப் பாடவில்லை. குழந்தைக்குக் கதை சொல்லும் அத்தை கதையை நம்பித்தானே சொல்கிறாள், அதே நம்பிக்கையோடு பாடினார். இன்றைய பாட்டுகளில் கோபம் இருக்கிறது, துயரம் இருக்கிறது, பெருமை இருக்கிறது. சந்தோஷம் வந்தால்கூட அதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. காரணம் இல்லாமல், யாரையும் மட்டம் தட்டாமல், சும்மா சந்தோஷமாக இருக்கும் ஒரு முழு வளர்ந்த பெண்ணின் குரல் எங்கே போயிற்று? என் ஏக்கமெல்லாம் அதைப் பற்றித்தான். ஐம்பதுகளில் எல்லாம் நன்றாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. குண்டு விழுந்து இடிந்த தெருக்கள் இன்னும் சரிசெய்யப்படாமல் கிடந்தன, தொழிற்சாலைப் பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த கூலி. அதற்கு நடுவில்தான் அந்தச் சிரிப்பு கேட்டது, அதனால்தான் அதற்கு மதிப்பு.

கென்சிங்டன் ஹை ஸ்ட்ரீட்டில் ஸ்டாஃபர்ட் கோர்ட் என்ற அடுக்குமாடிக் கட்டடத்தில் 44ஆம் எண் வீடு ஆல்மாவினுடையது. அம்மாவோடும் தங்கை சாண்ட்ரா கேரனோடும் இருந்தார். தங்கையும் நடிகை. அந்த வீட்டின் கதவு இரவில் அடைபடாது என்று எல்லோரும் எழுதி வைத்திருக்கிறார்கள். நிகழ்ச்சி முடிந்து பசியோடு வரும் கலைஞர்களுக்கு அம்மா ஃபே சமைத்துப் போடுவார். நோயல் கவர்ட் வந்திருக்கிறார், கேரி கிராண்ட் வந்திருக்கிறார், சாமி டேவிஸ் ஜூனியர் வந்திருக்கிறார், இளவரசி மார்கரெட் வந்திருக்கிறார். ‘ஆலிவர்!’ இசை நாடகத்தை எழுதிய லயனல் பார்ட் அந்த வீட்டுப் பிள்ளை மாதிரி. அரச குடும்பத்தில் பிறந்தவரும் கிழக்கு லண்டன் தையல்காரர் மகனும் ஒரே சோபாவில் உட்கார்ந்து சாப்பிட்ட வீடு வேறு எத்தனை இருந்திருக்கும் அந்த ஊரில்? கென்சிங்டனுக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கட்டடத்தின் எதிர்ப் பிளாட்பாரத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் வருவேன். 2001இல் அங்கே அவர் நினைவாக ஒரு நீலப் பலகை பதித்திருக்கிறார்கள். கீழே பஸ்கள் போகும், கடைக்கு வந்தவர்கள் அண்ணாந்து பார்க்காமல் நடப்பார்கள். எந்த ஜன்னலாக இருக்கும் என்று நான் மட்டும் தேடுவேன்.

1964 ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை. லண்டன் பல்லேடியம் அரங்கின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஆல்மாவும் பீட்டில்ஸும் ஒரே மேடையில். ஜான் லெனன் கலைக்கல்லூரியில் படித்த நாட்களில் ஆல்மாவைப்போலப் பாடிக்காட்டிக் கிண்டல் செய்தவர். அப்படிப்பட்டவர் நேரில் பழகியதும் மாறிப்போனார். நான்கு பேரும் மேலாளர் பிரையன் எப்ஸ்டீனும் ஸ்டாஃபர்ட் கோர்ட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். ஊரில் எங்கே போனாலும் கூச்சலும் நெரிசலுமாக இருந்த அந்தப் பையன்களுக்கு ஃபே அம்மா தட்டில் சாண்ட்விச் வைத்து நீட்டும் வீடு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும்! இதைச் சுற்றிக் கிசுகிசு நிறைய உண்டு. அதில் எனக்கு நாட்டமில்லை. ஆல்மா 1964இல் பதிவு செய்த ‘ஐ நியூ ரைட் அவே’ பாட்டில் பால் மெக்கார்ட்னி வந்து டாம்பரின் வாசித்துக் கொடுத்தார். அது போதும் எனக்கு.

அதே பால் ஒருநாள் அந்த வீட்டுப் பியானோவில் ஒரு மெட்டை வாசித்தார். தூக்கத்திலிருந்து எழுந்தபோது மனசில் இருந்த மெட்டு அது. எங்கேயோ கேட்டதைத்தான் திரும்ப வாசிக்கிறோமோ என்ற பயத்தில், இது யாருடைய பாட்டு, தெரியுமா என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். ஆல்மாவுக்குப் பழைய பாட்டெல்லாம் மனப்பாடம், அதனால் அவரிடமும் கொண்டுவந்தார். அப்போது அதற்கு வார்த்தை இல்லை, முட்டைப் பொரியலைக் குறிக்கும் தற்காலிகச் சொற்கள்தான் இருந்தன. ஃபே அம்மா எட்டிப்பார்த்து முட்டை யாருக்காவது வேண்டுமா என்று கேட்டதிலிருந்துதான் அந்தச் சொல் வந்தது என்று ஒரு கதையும் உண்டு. அந்த மெட்டுத்தான் 1965இல் ‘யெஸ்டர்டே’ ஆனது, உலகத்தில் மிக அதிகம் பேர் பாடிய பாட்டுகளில் ஒன்றானது. போனதை நினைத்து ஏங்கும் பாட்டு அது. அதற்கு வார்த்தை பிறப்பதற்கு முன்பே கேட்டவர்களில் ஒருவர் ஆல்மா.

அந்தப் பையன்கள் வந்ததால்தான் ஆல்மாவின் காலம் முடிந்தது என்பது பாதி உண்மை. அவர் பெயர் பிரிட்டன் பட்டியலில் கடைசியாக வந்தது 1961இல், பீட்டில்ஸின் முதல் தட்டுக்கு ஒரு வருடத்துக்கும் முன்னால். வெரைட்டி அரங்குகள் அதற்கும் முன்பே மூடத் தொடங்கியிருந்தன. சிஸிக் எம்பயர் 1959இல், ஃபின்ஸ்பரி பார்க் எம்பயர் அடுத்த வருடம். வீட்டிலேயே தொலைக்காட்சி இருக்கும்போது மழையில் நனைந்து அரங்குக்கு யார் போவார்கள்? ஆல்மா போன்றவர்களுக்கு வாரா வாரம் புதிய ஊர், புதிய மேடை என்று சோறு போட்டது அந்த அரங்குகள்தாம். ஆனால் அவர் முடங்கிவிடவில்லை. பாக்கெட் டிரான்சிஸ்டர் வைத்திருக்கும் பெண்ணைப் பற்றி 1960இல் அவர் பாடிய பாட்டு, அந்தச் சின்ன ரேடியோக்களைச் செய்து உலகத்துக்கே அனுப்பிக்கொண்டிருந்த ஜப்பானில் பெரிய வெற்றி பெற்றது. 1964இல் ‘டென்னஸி வால்ட்ஸ்’ என்ற பழைய பாட்டைப் புதுத் தாளத்தில் பாடினார், ஸ்வீடனில் முதலிடம். சொந்த ஊரில் அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. இதை நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

1965இல் பீட்டில்ஸ் பாட்டுகள் சிலவற்றைத் தன் போக்கில் பாடிப் பதிவு செய்தார். அவற்றில் ‘எய்ட் டேஸ் எ வீக்’ பற்றி நான் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பீட்டில்ஸ் அதைக் கைதட்டிக்கொண்டு துள்ளலாகப் பாடினார்கள். ஆல்மா அதன் வேகத்தை அப்படியே குறைத்துவிட்டார். வயலின்கள் மெல்ல எழுகின்றன, குரல் கீழ் ஸ்தாயியில் ஆரம்பிக்கிறது, அவசரமே இல்லை. துள்ளிய பாட்டு ஒரு பெண் தனியறையில் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் ஏக்கமாக மாறிவிடுகிறது. பாட்டு முழுக்க ஒரு சிரிப்புக்கூடக் கிடையாது. வாரத்துக்கு எட்டு நாள் வேண்டும் என்று கேட்கும் காதல் எவ்வளவு கனமானது என்பது அவர் பாடிய பிறகுதான் எனக்கு உறைத்தது. ஹேய்ஸில் முதல்முறை அதைக் கேட்டபோது பக்கத்து வீட்டுக்காரர், “இது அவளா?” என்று கேட்டுவிட்டு, ஊசியைத் தூக்கி மறுபடி தொடக்கத்தில் வைக்கச் சொன்னார். தொழிற்சாலையில் அவர் உறைக்குள் போட்ட தட்டுகளில் அந்த ஆல்மா இருந்திருக்கவில்லை.

அந்தத் தட்டு விற்கவில்லை. 1966இல் உடம்பு இளைக்க ஆரம்பித்தது. பாடுவதை நிறுத்தவில்லை, செப்டம்பரில் ஸ்வீடனுக்குப் பாடப் போனார், அங்கே மயங்கி விழுந்தார். சினைப்பையில் புற்றுநோய். அக்டோபர் 26ஆம் தேதி லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் இறந்தார். புஷியில் உள்ள யூதர் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். அம்மா ஃபே இருந்தார். அடைபடாத கதவு என்று பேரெடுத்த வீட்டில், மகளுக்குச் சமைத்துப் போடப் பழகிய கையை என்ன செய்திருப்பார் என்று நினைத்தால் மேலே எழுத வரவில்லை.

தங்கை சாண்ட்ரா 1991இல் அக்காவைப் பற்றி ஒரு நினைவு நூல் எழுதினார். அதே வருடம் கார்டன் பர்ன் என்ற எழுத்தாளர் ஆல்மா இறக்காமல் 1980கள் வரை வாழ்ந்திருந்தால் என்று கற்பனை செய்து, ‘ஆல்மா கோகன்’ என்ற பெயரிலேயே ஒரு நாவல் எழுதி, விட்பிரெட் முதல் நாவல் விருது வாங்கினார். திறமையான நாவல். ஆனால் இருட்டு அதிகம். புகழின் அழுகலைச் சொல்ல அவருக்கு ஆல்மா தேவைப்பட்டிருக்கிறார். இறந்தவரை உயிரோடு எழுப்புவதென்றால் நான் வேறு மாதிரி எழுப்பியிருப்பேன்.

பெட்டுலா கிளார்க்கும் அதே 1932இல் பிறந்தவர், ஆல்மாவுக்கு ஆறு மாதம் இளையவர். அவரும் ஐம்பதுகளின் பாட்டுக்காரர்தான். அவரையும் காலாவதியானவர் என்று நினைத்தார்கள். 1964 கடைசியில் ‘டவுன்டவுன்’ வந்தது, அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது, அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் மேடைமேல் நின்றார். ஆல்மாவுக்கும் அப்படி ஒரு பாட்டு வந்து சேர்ந்திருக்கும். ‘எய்ட் டேஸ் எ வீக்’ பாடியவர் அந்தத் திசையில்தான் போய்க்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதில், சிரிப்பும் கனமும் ஒன்றாகக் கலந்த குரலில், கறுப்பு உடையோ ஜிகினாவோ தன் விருப்பம்போல உடுத்திக்கொண்டு, தானே தேர்ந்தெடுத்த பாட்டை அவர் பாடியிருப்பார். அந்தத் தட்டுகள் எனக்கு வேண்டும். பதிவாகாத தட்டுகளுக்கு ஏங்குவதில் பயனில்லை என்பார்கள், ஏக்கம் அதைக் கேட்பதில்லை.

ஊர் திரும்பும்போது ரேடியோகிராமைக் கொண்டுவர வழியில்லை, பக்கத்து வீட்டுக்காரரும் இப்போது இல்லை. ஆல்மாவின் பாட்டுகள் என் கைப்பேசியில் இருக்கின்றன, தட்டின் கரகரப்பை நீக்கிச் சுத்தம் செய்த பதிவுகள். கேட்டதில்லை என்பவர்கள் ‘ட்ரீம்போட்’டில் ஆரம்பியுங்கள். அடுத்து அந்த டாங்கோப் பாட்டுகள் இரண்டையும் கேளுங்கள், பக்கத்தில் குழந்தைகள் இருந்தால் இன்னும் நல்லது. பிறகு ‘டென்னஸி வால்ட்ஸ்’. ‘எய்ட் டேஸ் எ வீக்’கைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய பாட்டுகளைக் கேட்காமல் அதற்குத் தாவிவிட்டால், அவர் எதையெல்லாம் அந்த ஒரு பாட்டில் இறக்கி வைத்தார் என்பது தெரியாமல் போய்விடும்.